உள்ளிக்கு அனுமதி இல்லை

இத்தாலியின் பொலோனியா நகரத்து வர்த்தக சபையில் லசானியா பதிவு செய்யப்பட்டிருக்கிறது. கம்பனிகளின் பெயர் விலாசம் பதிகிற அதே கந்தோர்தான். ‘தாலியத்தெல்லே’ என்ற நாடாப் பாஸ்தா வெந்தபின் 8 மில்லிமீற்றர் அகலம் இருக்க வேண்டுமென்று 1972 இல் தங்கத்தில் ஒரு மாதிரி செய்து அங்கே கொடுத்து வைத்தார்கள். 1982 இல் ‘ராகூ’ என்ற இறைச்சிக் குழம்பின் செய்முறையைக் கையளித்தார்கள். 2003 இல் பச்சை லசானியாவின் முறை. நான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில். ஆகவே லசானியாச் சட்டம் அப்போது கடுதாசியில் இருக்கவில்லை. நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின் வாயில் இருந்தது. கடுதாசியோடென்றால் வழக்காடலாம்.

வந்த கதை நீளமில்லை. 1990 இல் மார்த்தெல்லி சட்டம் வந்து, கடுதாசி இல்லாமல் இத்தாலியில் நின்றவர்களுக்குக் கடுதாசி கொடுத்தது. எங்கள் ஆட்கள் கனபேர் சிசிலித் தீவில் பலெர்மோவில் நின்றார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். வீடு துடைக்கிற வேலை, வயது போனவர்களைப் பார்க்கிற வேலை, நேர்த்தி வைத்துப் புனித றொசாலியாவின் மலைக்கு ஏறுவது. சைவம் வேதம் என்ற பேதமில்லாமல் எல்லோரும் ஏறினோம். அங்கேயும் வருஷப் பிறப்புக்கு ரிக்கொட்டா போட்டு ஒரு லசானியா செய்வார்கள். அதன் பெயரைச் சபையில் சொல்ல முடியாது. பிறகு, வடக்கே சம்பளம் கூட என்று யாரோ சொல்ல, ரயிலேறி வந்து சிஞ்ஞோராவின் குசினியில் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிய ஆறு மணிக்கே மாப்பலகை மேசையில் ஏறிவிடும். 100 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை. பசளிக்கீரையை அவித்து, துணியில் கட்டி, கடைசிச் சொட்டுத் தண்ணீரும் போகும்வரை முறுக்கிப் பிழிந்து, அரைத்து மாவோடு சேர்ப்பார். கீரையில் ஈரம் நின்றால் மா இளகிவிடும், பிறகு மாவுக்கு மேல் மா கொட்டி ஈடுகட்ட வேண்டிவரும், பாஸ்தா செருப்புத் தோலாகும் என்பது அவர் கணக்கு. குழைத்த உருண்டையை அரை மணித்தியாலம் மூடி வைப்பார். அந்த அரை மணித்தியாலம் மாவுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே ஓய்வு, வானொலியைக்கூட நிறுத்திவிடுவார். அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீள உருளைக்கட்டையை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவார். தேய்த்த மாவைத் தூக்கிப் பிடித்தால் மலைமேல் இருக்கிற சான் லூக்கா கோயில் அதற்குள்ளால் தெரிய வேண்டும் என்பது இந்த ஊர்ப் பேச்சு. சிஞ்ஞோராவின் சன்னலுக்கு நேரே நின்றது எதிர்வீட்டுச் சுவர் மட்டும்தான். ஆனாலும் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், திருப்திப்படுவார்.

மாவை என்னைத் தொட விடமாட்டார். “உன் கை சூடு” என்பார். அவர் என்னை ‘நீ’ என்பார், நான் அவரை ‘நீங்கள்’ என்பேன். அந்த வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எனக்குத் தரப்பட்ட இலாகா ராகூ. கரட், செலரி, வெங்காயம் மூன்றையும் பொடியாக அரிந்து, பஞ்செட்டா என்ற பன்றி வயிற்றிறைச்சியின் கொழுப்பில் வதக்கி, கரடாக அரைத்த மாட்டிறைச்சியைப் போட்டு, ஈரம் வற்றிச் சட்டியில் சரசரக்கும்வரை கிளற வேண்டும். அதன் பிறகே வைன். வைன் மணம் பறந்த பிறகே தக்காளி, அதுவும் கொஞ்சம். இந்தக் குழம்பு சிவப்பாக இருப்பதில்லை, மண்நிறம். கடைசியில் பால். மூன்று மணித்தியாலம் அடுப்பின் மிகச் சின்ன நெருப்பில் கிடக்கும். ஒரு குமிழ் வந்து உடைந்த பிறகு அடுத்தது வருவதா விடுவதா என்று யோசித்து வர வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். நான் சைவக்காரன், மாடு தின்பதில்லை. “உப்புப் பார்” என்று கரண்டியை நீட்டுவார். நான் மணந்து பார்த்து, “இன்னும் ஒரு சிட்டிகை” என்பேன். அவர் நாக்கில் வைத்துப் பார்த்து, ஒரு சிட்டிகை போடுவார். நாக்கில் படாமல் உப்புச் சொல்கிற வேலைக்காரன் என்று பக்கத்து வீட்டுச் சிஞ்ஞோராக்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகக் கதைத்தாராம். யாழ்ப்பாணத்தில் என் அம்மாவுக்கு இதை எழுதவில்லை. மாட்டிறைச்சிச் சட்டிக்கு முன்னால் மகன் நிற்கிறான் என்பதற்கு மேல் அந்தக் கடிதம் போயிருக்காது.

ஒருநாள் கேட்டேன், இவ்வளவு சாமான் போடுகிறோமே, ரெண்டு பல்லு உள்ளி போட்டால் என்ன என்று. சிஞ்ஞோரா கரண்டியைக் கீழே வைத்தார். “உள்ளி நாப்போலிக்காரருக்கு” என்றார். பலெர்மோவைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை என்று முகத்தில் இருந்தது.

இன்றைக்கு அந்த உள்ளி என் வீட்டுக்குள்ளேயே தடை செய்யப்பட்டிருக்கிறது. தடை செய்தது என் மகள். பொலோனியாவில் பிறந்தவள், 1088 இல் தொடங்கியதாகப் பெருமை சொல்லும் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படித்தவள். 1982 இன் ராகூச் செய்முறையை 2023 இல் புதுப்பித்துத் திரும்பவும் பதிந்தார்கள். எதைப் போடலாம் என்பதோடு, எதைப் போடக்கூடாது என்றும் ஒரு பட்டியல் அதில் உண்டு: கன்று இறைச்சி, புகையூட்டிய பஞ்செட்டா, உள்ளி, ரோஸ்மேரி, பார்ஸ்லி, பிராந்தி, குழம்பு தடிக்க மா. அந்தப் பட்டியலை மகள் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், பிள்ளையார் கலண்டருக்குப் பக்கத்தில். நான் கறித்தூள் போத்தலுக்குக் கை நீட்டினால், “அப்பா!” என்று அடுத்த அறையிலிருந்து சத்தம் வரும். மூடியைத் திறக்கமுதலே வரும்.

சும்மா விடவில்லை, நானும் படித்தேன். 1300 ஆம் ஆண்டளவில் லத்தீனில் எழுதப்பட்ட ‘லிபெர் தெ கொக்குயினா’ என்ற சமையல் நூலில் லசானியா இருக்கிறது. மாவைத் தேய்த்துத் துண்டு வெட்டி, அவித்து, சீஸ் ஒரு அடுக்கு பாஸ்தா ஒரு அடுக்கு என்று அடுக்கி, மேலே பொடித்த வாசனைச் சரக்குத் தூவி, கூரான மரக்குச்சியால் குத்திச் சாப்பிடச் சொல்கிறது. தக்காளி இல்லை, கொலம்பஸ் இன்னும் பிறக்கவில்லை. மாட்டிறைச்சிக் குழம்பும் இல்லை. 1390 அளவில் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சட்டின் சமையல்காரர்கள் எழுதி வைத்ததிலும் இதே மாதிரி ஒன்று வருகிறது. சீஸ், பாஸ்தா, பொடி. இறைச்சியில்லை, தக்காளியில்லை, சரக்குத் தூள் மட்டும் உண்டு! எழுநூறு வருஷத்துக்கு முந்திய லசானியா எங்களுடைய அலுமாரியைப் பார்த்துச் செய்ததுபோல இருக்கிறதே என்று மகளிடம் நூலின் பெயர், காலம் எல்லாம் ஒப்புவித்தேன். மரியாதையாகக் கேட்டாள்.

“எங்க எழுதினது அந்தப் புத்தகம்?”

“அரசவையில எண்டுதான் சொல்லினம்.”

“எந்த அரசவை?”

நாப்போலி அரசவை.

“அப்ப நாப்போலிக்காரர் போடட்டும்” என்றாள். சிஞ்ஞோரா இறந்தபோது இவள் பாலர் வகுப்புப் பிள்ளை.

செய்முறையில் மகளுக்கும் சிஞ்ஞோராவுக்கும் பெரிய வித்தியாசமில்லை, நேரத்தைத் தவிர. மகள் வேலைக்குப் போகிறவள். வெள்ளி இரவு ராகூ. அது ஒருநாள் பிறிஜ்ஜில் கிடந்தால் ருசி கூடும். சனி பின்னேரம் அடுக்கி, அவியாமல் மூடி வைப்பாள். ஞாயிறு அவணுக்குப் போகும். பெஷமெல்லா என்ற வெள்ளைக் குழம்புக்கு ஒரு லீற்றர் பால், 100 கிராம் வெண்ணெய், 100 கிராம் மா. மா வெண்ணெயில் பச்சை மணம் போக வறுபட்ட பிறகு சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கடையில் வாங்கும் காய்ந்த பாஸ்தாத் தகடு போடுகிற நாளில் மாவைக் குறைத்து, சொதியைவிடக் கொஞ்சம் தடிப்பான பதத்தில் எடுப்பாள். காய்ந்த தகடு அவணுக்குள்தான் தண்ணீர் குடித்து வேகிறது. குழம்பு இறுக்கமாக இருந்தால் குடிக்க ஒன்றுமிருக்காது. மூலைகளில் குழம்பு படாத தகடு பல்லை உடைக்கும். புதுப் பாஸ்தாவென்றால் எதிர்ப்பக்கம். கொதிநீரில் முக்கி எடுத்து, குளிர்நீரில் போட்டு, துணியில் விரித்து ஒற்ற வேண்டும். ஒற்றாவிட்டால் வெட்டும்போது மேலடுக்கு ஒரு பக்கமும் கீழடுக்கு மறுபக்கமும் வழுக்கிக்கொண்டு போகும்.

அடுக்கும்போது என்னைப் போன்றவர்களுக்குக் கை நீளும், அள்ளிக் கொட்டுவோம். ராகூ மெல்லிசாக, இடைக்கிடை பாஸ்தா தெரிகிற மாதிரித் தடவவேண்டும் என்பதில் கிழவியும் குமரியும் ஒன்று. ஆறு அடுக்குக்குக் கீழே என்றால் சிஞ்ஞோரா கணக்கில் எடுக்கமாட்டார். அடுக்குக்கு அடுக்கு பார்மிஜானோ சீஸ். மொட்சரெல்லா இந்த ஊர் லசானியாவுக்குள் வராது. அதுவும் தெற்குப் பழக்கம். அங்கே கார்னிவல் காலத்தில் குட்டி இறைச்சி உருண்டையும் அவித்த முட்டையும் ரிக்கொட்டாவும் உள்ளே வைப்பார்கள். உருண்டையை விலக்கி நான் ரசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். இந்த வீட்டில் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

மனைவியின் கட்சி வேறு. நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சமில்லை. விரதகாலத்து லசானியா என்று ஒன்றை அவளே கண்டுபிடித்தாள். பூசணிக்காய், கீரை, பெஷமெல்லா. முட்டை சேராத ரவைத் தகடு சுப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது, பெட்டியின் பின்பக்கத்தை வாசித்து எடுக்க வேண்டும். வருஷக்கணக்காக நடந்தது. படிப்பு முடித்து வந்த மகள் ஒருநாள் வாய்திறந்தாள்: பார்மிஜானோவில் பாலைத் திரைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருள். சட்டப்படி வேறொன்று போட முடியாது.

குசினி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மனைவி, “இஞ்சாருங்கோ, உங்கட சிஞ்ஞோராவுக்கு இது தெரியுமே?” என்று என்னைக் கேட்டாள். தெரிந்துதான் இருந்திருக்கும். அவர் விரதம் பிடித்தது வேறு கடவுளுக்கு. இப்போது அந்த லசானியாவுக்குப் பூஞ்சணத்தால் திரைத்த சீஸ் வாங்குகிறோம். மகளுக்கு அதில் வேறு குறை: “அதுக்குப் பேர் லசானியா இல்ல அம்மா, பூசணிக்காய் அடுக்கு.”

வைத்துச் சாப்பிடுகிற விஷயத்தில்தான் காலம் உண்மையாகவே மாறிவிட்டது. சிஞ்ஞோராவின் பிறிஜ் சின்னது. மிஞ்சிய லசானியாவைத் துணியால் மூடி, மாரிகாலமென்றால் சன்னல் விளிம்பிலும் கோடைகாலமென்றால் கல்பதித்த சாமான் அறையிலும் வைப்பார். மறுநாள் அதை வாணலியில் வெண்ணெய் விட்டு, அடிப்பக்கம் முறுகப் பொரித்துத் தருவார். நான் இறைச்சி படாத ஓரத்தைத் தேடித் தின்பேன். இவ்வளவு ருசியான பிழை பிறகு அகப்படவில்லை.

மகளின் குசினியில் வெப்பமானி உண்டு. வெந்த ட்றே இரண்டு மணித்தியாலத்துக்குள் பிறிஜ்ஜுக்குப் போக வேண்டும். கெதியாய் ஆறுவதற்காகத் துண்டு போட்டுப் பரப்பி வைப்பாள். பிறிஜ் 4 பாகை. மூன்று நாலு நாளைக்குமேல் இல்லை. பிறீசர் மைனஸ் 18. இரண்டு மூன்று மாதம் ருசி கெடாது. ட்றேயை முழுதாக உறைய வைத்தால் ஒரு துண்டு வேண்டுமென்றாலும் முழுவதையும் இளக்க வேண்டுமென்பதால், முதலே துண்டு துண்டாகச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயரும் திகதியும் எழுதி ஒட்டுவாள். முதல்நாள் இரவே பிறிஜ்ஜுக்கு இறக்கி இளக்க வேண்டும். உறைந்த கண்ணாடி ட்றேயைச் சூடான அவணில் வைத்தால் வெடிக்கும். சூடாக்கும்போது மேலே ஒரு கரண்டி பால் தெளித்து மூட வேண்டும், நடுவில் 75 பாகை வர வேண்டும். வெப்பமானியை லசானியாவின் வயிற்றில் குத்திவிட்டு டாக்குத்தர் மாதிரி நிற்பாள்.

அவள் சொன்னதில் எனக்கு மிகப் பிடித்தது ஈயத்தாள் விஷயம். மிச்சத்தை உருக்கு ட்றேயில் விட்டு, குழம்பில் முட்டும்படி அலுமினியத் தாளால் மூடி வைத்தால், மறுநாள் தாளில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருக்கும். கீழே உருக்கு, மேலே அலுமினியம், நடுவில் உப்பும் தக்காளிப் புளியும். மின்கலம் ஒன்று உருவாகி, அலுமினியம் கரைந்து சாப்பாட்டில் இறங்குகிறது. உலகத்துக்கு இதன் பெயரே லசானியா மின்கலம்தான். ஆகவே இடையில் எண்ணெய்த்தாள் போட வேண்டும், அல்லது கண்ணாடி ட்றே. இதைக் கேட்ட நாளிலிருந்து, கறண்ட் பில் வருகிறபோதெல்லாம் பிறிஜ்ஜைப் பார்த்து ஒரு யோசனை வரும்.

பரிமாறுவதில் சிஞ்ஞோராவோடு எனக்குக் கடைசிவரை ஒத்துவராத ஒன்று உண்டு. லசானியா முதல் கோப்பைச் சாப்பாடு. அதன் பிறகு இறைச்சி, அதன் பிறகு சலாது, அதன் பிறகு பழம். அவணால் எடுத்த ட்றேயைக் கால் மணித்தியாலமாவது தொட விடமாட்டார். இறுகாமல் வெட்டினால் கோப்பையில் குளமாகிவிடும். சரி, நியாயம். ஆனால் கறுத்து முறுகிய மூலைத் துண்டுகள் நாலும் அவருடைய மகனுக்கு. ட்றேக்கு மூலை நாலு, வீட்டில் ஆட்கள் ஏழெட்டு, மகன் ஒருவன். இதைப் பற்றி வர்த்தக சபைப் பதிவில் ஒன்றுமில்லை, நான் தேடிப் பார்த்தேன்.

எங்கள் கொண்டாட்டங்களில் லசானியாவுக்கு மூலையே இல்லை. பிறந்தநாள் விழா மண்டபத்தில் றோல்ஸுக்கும் பற்றிசுக்கும் பக்கத்தில், சின்னச் சதுரமாக வெட்டி, கடதாசிக் கோப்பையில் வைத்து நீட்டுவார்கள். அதைத் தின்ற பிறகே சனம் சோற்றுக்கு வரிசையில் நிற்கும். முதல் கோப்பை முறையைப் பொலோனியாக்காரர்கூட மறந்து வருகிற காலத்தில், எங்கள் மாமிமார்தான் தெரியாமலே காப்பாற்றி வருகிறார்கள்.

மறந்துதான் வருகிறார்கள். நகர நடுவில், பழைய சந்தைத் தெருக்களில், கண்ணாடிக்குப் பின்னால் தொப்பி வைத்த அம்மாக்கள் உருளைக்கட்டையால் மா தேய்க்கிறார்கள். சுற்றுலாக்காரர் நின்று படம் எடுக்கிறார்கள். இந்த ஊரின் தூண் வளைவு நடைபாதைகளை 2021 இல் யுனெஸ்கோ உலக மரபாக அறிவித்த பிறகு படம் எடுப்பவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் கதவு. கதவுக்குப் பின்னால் ராகூ கிண்டுகிறவன் கனவேளை வங்காளிப் பெடியன் அல்லது எங்கள் பெடியன். அவனுக்கு உள்ளி போடக்கூடாதென்று நன்றாகத் தெரியும். ஊர்க்காரர் சுப்பர் மார்க்கெட்டில் உறைந்த பெட்டி வாங்குகிறார்கள். 2013 இல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி லசானியா என்று விற்ற உறைந்த பெட்டிகளில் குதிரை இறைச்சி அகப்பட்டு அமளிப்பட்டதே, அதற்குப் பிறகும் வாங்குகிறார்கள். அதிலேயும் நான் தின்னாததுதான் என்பதால் என்னிடம் கருத்தில்லை.

சிஞ்ஞோராவின் மகனும் பெட்டி வாங்குகிறவர். நாலு மூலைக்கும் உரித்தாளி, இப்போது பென்ஷன்காரர். அவருடைய அம்மாவின் உருளைக்கட்டை எங்கள் வீட்டில் நிற்கிறது, அவர்தான் கொண்டுவந்து தந்தார், வீட்டில் வைக்க இடமில்லையாம். நத்தாருக்கு மறுநாள், சாந்தோ ஸ்தெபானோ அன்று, அம்மாவின் லசானியா வேண்டுமென்று எங்கள் வீட்டுக்கு வருவார். அது என் கைவேலை என்று நினைத்திருந்தார். மகளின் கை என்று தெரிந்ததிலிருந்து கொஞ்சம் பயந்துதான் மணி அடிக்கிறார்.

போன நத்தாருக்கு வந்து, கதிரையில் இருந்து, மெதுவாகத் தொடங்கினார். தனக்கு இப்போது பால் ஒத்துவராது, லாக்டோஸ் இல்லாத பாலில் செய்யலாமா? செய்யலாம் என்றாள் மகள். தன் மனைவிக்குச் சாதிக்காய் மணம் பிடிக்காது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. பேரனுக்குக் கோதுமை கூடாது, மருமகள் இறைச்சியை விட்டுவிட்டாள், ஆகவே ஒரு பாதியை மட்டும்… மகள் சுவரிலிருந்த பட்டியலைக் காட்டினாள். “நீங்கள் கேட்பது நல்ல சாப்பாடாக இருக்கலாம். ஆனால் அதை லசானியா என்று சொல்லிக்கொண்டு இந்த வீட்டிலிருந்து போக முடியாது” என்று அவருடைய ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள். அவர் உதவிக்கு என்னைப் பார்த்தார். எனக்கு இந்தக் குசினியில் வாக்குரிமை இல்லை.

அந்த நேரம் பார்த்து மனைவி தன்னுடைய ட்றேயை அவணால் எடுத்தாள். பின்னேரம் வரப்போகிற எங்கள் சனத்துக்காக அவள் செய்தது: எலும்பு கழற்றிய கோழி, உள்ளி, இஞ்சி, வறுத்த கறித்தூள், கறிவேப்பிலை; இடையில் தகடு, மேலே சுரண்டிய ஏதோ ஒரு சீஸ். மணம் வீட்டை நிரப்பியது. அவர் எழும்பிப் போய்க் குனிந்து பார்த்தார். பாலையும் கேட்கவில்லை, சாதிக்காயையும் கேட்கவில்லை, பேரனையும் மருமகளையும் பற்றிப் பேச்சில்லை. “இது எத்தனை பேருக்கு?” என்றார்.

நாலு மூலையோடும் கொண்டு போனார். எங்கள் சனத்துக்குப் பதிவு செய்யப்பட்ட லசானியாதான் மிஞ்சியது. அவர் வெளிக்கிடமுதல் மகள் ட்றேயைப் பிடுங்கி, இடையில் எண்ணெய்த்தாள் வைத்து மூடி, மேலே துண்டு ஒட்டிக் கொடுத்தாள்: “கோழிக்கறி, அடுக்கியது. 26.12. நாலு நாளுக்குள் முடிக்கவும்.”